ரவுட்டரில் விளம்பரத் தடுப்பு: லேப்டாப்பில் நிக்குது, போனில் பாதி, டிவியில் சுத்தமா இல்லை

பவானிக்கரை (கோபிசெட்டிபாளையம்)

வணக்கமுங்க. அமைப்பை முழுசா எழுதிர்றேன், எங்க ஓட்டைன்னு பாத்துச் சொல்லுங்க.

ஃபைபர் ஓஎன்டி (வீட்டுக்கு வர்ற ஃபைபர் முடியற பெட்டி) ரவுட்டர் மோடில் இருக்கு, முகவரி 192.168.1.1. அதோட லேன் (வீட்டுப் பக்கம்) போர்ட்டில் இருந்து என் ரவுட்டரின் வான் (இணையப் பக்கம்) போர்ட்டுக்கு ஒயர் வருது. ரவுட்டர்ல 128 எம்பி ராம், 16 எம்பி ஃபிளாஷ். ஓபன்டபிள்யூஆர்டி 24.10 (ரவுட்டருக்கான திறந்த மூல ஃபர்ம்வேர்), லேன் முகவரி 192.168.10.1. தளப் பேரை ஐபி முகவரியா மாத்தற டிஎன்எஸ் வேலையை டிஎன்எஸ்மாஸ்க் பாக்குது, விளம்பரத் தளப் பேருக்கு முகவரி தராமத் தடுக்கறது ஆட்பிளாக் பேக்கேஜ். வெளியே கேக்கறதுக்கு எச்டிடிபிஎஸ்-டிஎன்எஸ்-பிராக்ஸி (கேள்வியை மறையாக்கி அனுப்பறது). டிஎச்சிபி (கருவிகளுக்கு முகவரி குடுக்கற சேவை) 6ஆம் ஆப்ஷன்ல, அதாவது எந்த டிஎன்எஸ் சர்வரைக் கேக்கணும்னு சொல்ற இடத்துல, "192.168.10.1, 8.8.8.8" குடுத்திருக்கு (8.8.8.8 கூகுளோட பொது டிஎன்எஸ்). ஓஎன்டி பிரிஃபிக்ஸ் (ஐபிவி6 முகவரித் தொகுதி) எதையும் பிரிச்சுத் தராததால ஐபிவி6 ரிலே மோடில் (ஓஎன்டி சொல்றதை அப்படியே கடத்தற முறை) இருக்கு.

லேப்டாப்பில் (ஃபயர்ஃபாக்ஸ்) தமிழ்ச் செய்தித் தளங்கள் எல்லாம் சுத்தமா வருது. ஆண்ட்ராய்டு போன் ஒண்ணுல பாதி விளம்பரம் நிக்குது, இன்னொண்ணுல எதுவும் நிக்கலை. ஆண்ட்ராய்டு டிவியில ஒண்ணுமே நிக்கறதில்லை. இதுபோக, கரண்ட் போயி வந்தா சில சமயம் மொத்த இணையமும் எந்திரிக்கறதே இல்லை. ஓஎன்டியில பச்சை விளக்கு எரியுது, ஆனா ஒரு தளமும் திறக்காது.

பிளாக்லிஸ்ட் (தடுக்க வேண்டிய பேர்ப் பட்டியல்) பத்தலையோன்னு ஓஐஎஸ்டி பிக், ஹகேஸி ப்ரோ, ஸ்டீவன்பிளாக் மூணையும் சேத்தாச்சு. மாற்றம் இல்லீங்க.

---

நொய்யல் (கோயம்புத்தூர்)

பட்டியலைத் தொடவே வேண்டாமுங்க. லேப்டாப்பில் தடுக்குதுன்னா பட்டியல் வேலை செய்யுதுன்னு அர்த்தம். போனும் டிவியும் ரவுட்டர்கிட்ட கேக்காம வேற பக்கம் கேக்குது. கேள்வி எந்த வழியா வீட்டை விட்டு வெளியே போகுதுங்கறதைக் கண்டுபிடிச்சாப் போதும்.

லேப்டாப்பில் கமாண்டு பிராம்ப்ட் திறந்து மூணு சோதனை போடுங்க (ஆங்கில எழுத்துல அடிக்கணும்; என்எஸ்லுக்அப்ங்கறது ஒரு பேருக்கு என்ன முகவரின்னு கேக்கற கட்டளை, டபுள்கிளிக்.நெட் ஒரு விளம்பரத் தளம்).

முதல்ல "என்எஸ்லுக்அப் டபுள்கிளிக்.நெட் 192.168.10.1". கடைசியில ரவுட்டர் முகவரியைக் குறிப்பிட்டுக் கேக்கறோம். "நான்-எக்ஸிஸ்டென்ட் டொமைன்" அல்லது "என்எக்ஸ்டொமைன்"னு வந்தா ஆட்பிளாக் சரி. உண்மையான ஐபி முகவரி வந்தா மட்டும் ஆட்பிளாக்கோட நிலையைப் பாருங்க. (ஆட்பிளாக்குக்குப் பதிலா ஆட்கார்டு ஹோம், பை-ஹோல் மாதிரி வேற தடுப்பு மென்பொருள் வெச்சிருக்கறவங்களுக்கு இதே இடத்துல 0.0.0.0ன்னு வரும். அதுவும் தடுத்ததாத்தான் கணக்கு.)

ரெண்டாவது, முகவரி குடுக்காம "என்எஸ்லுக்அப் டபுள்கிளிக்.நெட்". முதல் வரியில எந்த சர்வர் பதில் சொல்லுதுன்னு காட்டும். அங்க 192.168.10.1 இல்லாம ஐபிவி6 முகவரி நின்னா, பிரச்சினை அங்கயே தெரிஞ்சுபோச்சு.

மூணாவதுதான் முக்கியம்: "என்எஸ்லுக்அப் எக்ஸாம்பிள்.காம் 192.0.2.1". இந்த முகவரி ஆர்எஃப்சி 5737இல் உதாரணத்துக்காகவே ஒதுக்கி வெச்சது, அங்க எந்த சர்வரும் கிடையாது. அதனால பதில் வரக்கூடாது. வந்துச்சுன்னா நடுவுல யாரோ 53ஆம் போர்ட்டை (சாதாரண டிஎன்எஸ் கேள்வி போற வழி) மறிச்சுப் பதில் சொல்றாங்க. உங்க ரவுட்டரே அதைச் செஞ்சா நல்லது, நமக்கு வேண்டியதே அதுதான். இதையே எஸ்எஸ்எச் (ரவுட்டருக்குள்ள நுழைஞ்சு கட்டளை அடிக்கற முறை) வழியா ரவுட்டருக்குள்ள இருந்து போட்டும் பதில் வந்தா, மறிக்கறது ஓஎன்டியோ அதுக்கு மேல இருக்கற இணையச் சேவையாளரோ.

டிவிக்கும் போனுக்கும் ரவுட்டர்ல "டிசிபிடம்ப்-மினி" (போற வர்ற பாக்கெட்டைக் காட்டறது) பேக்கேஜைப் போட்டு, பிஆர்-லேன் (வீட்டுப் பக்கம்) இடைமுகத்துல "போர்ட் 53 ஆர் போர்ட் 853"ன்னு வடிகட்டிப் பாருங்க (853 மறையாக்கின டிஎன்எஸ் போற வழி). மறக்காம -என் (-n) போடுங்க. இல்லேன்னா அதுவே முகவரிக்குப் பேர் தேட ஆரம்பிச்சு லாக்கைக் குழப்பிரும். டிவியை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க, எங்க கேக்குதுன்னு வரிசையா வரும்.

முடிவை அப்படியே போடுங்க.

---

மஞ்சமண்டி (ஈரோடு)

நொய்யல் சொல்றது சரிதான். இருந்தாலும் பட்டியலையும் விடாதீங்க. 128 எம்பி ராமில் அந்த மூணையும் சேத்தது தப்பு. கரண்ட் வந்தப்புறம் நெட் எந்திரிக்காததுக்கு அதுகூடக் காரணமா இருக்கலாம்.

ஆட்பிளாக் எல்லாப் பட்டியலையும் டெம்ப் கோப்புறையில இறக்கி, சேத்து, வரிசைப்படுத்தி, ரெட்டிப்பை நீக்கி, டிஎன்எஸ்மாஸ்க்குக்குக் குடுக்குது. ஓபன்டபிள்யூஆர்டியில டெம்ப் இருக்கறது ராம்ல. வரிசைப்படுத்தற அந்த நேரத்துல பழைய பட்டியலோட டிஎன்எஸ்மாஸ்க், புதுப் பட்டியல், தற்காலிகக் கோப்புகள்னு எல்லாம் ஒரே சமயத்துல ராம்ல நிக்கும். இடம் பத்தலைன்னா கெர்னல் (இயங்குதளத்தோட மையப் பகுதி) பெரிய ஆளா, அதாவது அதிக ராம் புடிச்சிருக்கற நிரலாப் பாத்துக் கொல்லும். பெரிய ஆள் பெரும்பாலும் டிஎன்எஸ்மாஸ்க்தான். அது செத்தா விளம்பரம் மட்டுமில்லை, வீட்டுல எந்தப் பேருக்கும் முகவரி கிடைக்காது.

ரவுட்டருக்குள்ள "டிமெசெக்" (dmesg, கெர்னல் பதிவைக் காட்டற கட்டளை) அடிச்சு "அவுட் ஆஃப் மெமரி"ன்னு தேடுங்க. அதுக்குப் பக்கத்துல டிஎன்எஸ்மாஸ்க் பேர் இருந்தா இதேதான்.

ஒரே பட்டியல் வெச்சுக்குங்க. ஓஐஎஸ்டி ஸ்மால், இல்லேன்னா ஹகேஸி லைட். ஓஐஎஸ்டி, ஹகேஸி மாதிரியானதெல்லாம் ஏற்கெனவே பல பட்டியல்களைத் தொகுத்துச் செஞ்சது. ஒண்ணுமேல ஒண்ணு போட்டா பெரும்பகுதி ரெட்டிப்புதான், புதுசாக் கெடைக்கறது கொஞ்சம். கூடவே "இசட்ராம்-ஸ்வாப்" பேக்கேஜையும் போட்டுருங்க. ராம்லயே ஒரு பகுதியைச் சுருக்கி ஸ்வாப்பா வெச்சுக்கும். பட்டியல் புதுப்பிக்கற அந்த நெருக்கடி நேரத்தைத் தாண்ட அது போதும்.

---

தறிச்சத்தம் (சோமனூர்)

கரண்ட் விஷயம் எனக்குத் தெரிஞ்சவரைக்கும் வேறயாத் தெரியுதுங்க. நம்ம பக்கம் மாதாந்திரப் பராமரிப்புன்னு காலையில நிறுத்தினா சாயங்காலம்தான் விடறாங்க. இந்தக் கோளாறு அடிக்கடி வர்றதும் அந்த மாதிரி நாள்லதான்.

வீட்டு ரவுட்டர் பலதுல பேட்டரி வெச்ச கடிகாரம் கிடையாது. ஆன் ஆகும்போது ஓபன்டபிள்யூஆர்டி, ஈடிசி கோப்புறையில கடைசியா மாத்தின கோப்போட தேதியை எடுத்துத் தன் நேரமா வெச்சுக்கும். நீங்க அமைப்பைத் தொட்டே மாசக்கணக்காச்சுன்னா, ரவுட்டரும் அத்தனை மாசம் பின்னாடி நிக்கும். அப்புறம் என்டிபி வழியா சரியான நேரத்தை வாங்கணும். வாங்கறதுக்கு பூல்.என்டிபி.ஆர்க்ங்கற பேருக்கு முகவரி வேணும். முகவரியை எச்டிடிபிஎஸ்-டிஎன்எஸ்-பிராக்ஸிதான் வாங்கித் தரணும். அது எச்டிடிபிஎஸ். சர்வரோட சான்றிதழ் போன மாசம் புதுப்பிச்சதா இருந்தா, ரவுட்டரின் நேரப்படி அந்தச் சான்றிதழ் இன்னும் பொறக்கவே இல்லை. மறுத்துரும். நேரம் இல்லாம டிஎன்எஸ் இல்லை, டிஎன்எஸ் இல்லாம நேரம் இல்லை. பச்சை விளக்கு எரிஞ்சுக்கிட்டே இருக்கும், ஒண்ணும் திறக்காது. நீங்க சொன்ன அறிகுறி அச்சு இதுதான்.

உறுதிப்படுத்தறது சுலபம். அடுத்த தடவை அப்படி ஆனா ரீபூட் பண்ணாம, எஸ்எஸ்எச்ல நுழைஞ்சு "டேட்" அடிங்க. பழைய தேதி காட்டுச்சுன்னா முடிஞ்சுது.

தீர்வு: லூசியில (ரவுட்டரோட வலைப்பக்க அமைப்பு) நெட்வொர்க், டிஎச்சிபி அண்ட் டிஎன்எஸ், ஃபார்வர்ட்ஸ் பக்கம் போயி, "/பூல்.என்டிபி.ஆர்க்/9.9.9.9"னு ஒரு வரி சேருங்க (ஆங்கில எழுத்துலதான் அடிக்கணும், 9.9.9.9 ஒரு பொது டிஎன்எஸ்). அந்தப் பேர் ஒண்ணுக்கு மட்டும் சாதாரண 53ஆம் போர்ட்டில் கேக்கும், சான்றிதழ் தேவைப்படாது. நேரம் சரியானதும் மத்ததெல்லாம் தானா எந்திரிச்சுக்கும். ஆட்கார்டு ஹோம்ல டிஎன்எஸ்-ஓவர்-எச்டிடிபிஎஸ் வெச்சிருக்கறவங்களுக்கும் இதே கதிதான். அங்க மேல்நிலை சர்வர் பெட்டியில "[/பூல்.என்டிபி.ஆர்க்/]9.9.9.9"னு சதுர அடைப்புக்குள்ள எழுதணும்.

ஓஎன்டிக்கும் ரவுட்டருக்கும் சேத்து ஒரு 12 வோல்ட் மினி யூபிஎஸ் போட்டா சின்னத் தடைக்குத் தாங்கும். வாங்கறதுக்கு முன்னாடி ரெண்டு அடாப்டர்லயும் என்ன ஆம்பியர்னு படிச்சுக் கூட்டிக்குங்க, யூபிஎஸ் அதுக்கு மேல தரணும். சில ரவுட்டர் 9 வோல்ட்டு, அதுல 12 ஐக் குத்திராதீங்க. பின் வெளிவிட்டம் 5.5 மிமீ பொதுவா ஒத்து வரும், உள்ள இருக்கற ஊசி 2.1ஆ 2.5ஆன்னு பாத்து வாங்குங்க. லூசா இருந்தா ஆட்டத்துல ரீபூட் ஆகிட்டே இருக்கும்.

---

பவானிக்கரை (கோபிசெட்டிபாளையம்)

முடிவுங்க:

முதல் சோதனை என்எக்ஸ்டொமைன். ரெண்டாவதில் சர்வர் 192.168.10.1. மூணாவதில் லேப்டாப்பிலும் பதில் இல்லை, ரவுட்டருக்குள்ளயும் பதில் இல்லை.

டிசிபிடம்ப்பில் டிவி நேரா 8.8.8.8க்குப் போகுது, 192.168.10.1ஐக் கேக்கறதே இல்லை. முதல் போன் கொஞ்சம் ரவுட்டரைக் கேக்குது, கொஞ்சம் ஒரு ஐபிவி6 முகவரியைக் கேக்குது, அது சேவையாளரோடது. ரெண்டாவது போன்ல 853 மட்டும் ஓடுது, 53ஆம் போர்ட்டில் ஒரு பாக்கெட்கூட இல்லை.

டிமெசெக்கில் டிஎன்எஸ்மாஸ்க் ரெண்டு இடத்துல கொல்லப்பட்டிருக்கு. நேரம் சோதிக்க அடுத்த மின்தடை வரணும். ஃபார்வர்ட்ஸ் வரியை இப்பவே சேத்துட்டேன், பட்டியலையும் ஓஐஎஸ்டி ஸ்மால் ஒண்ணோட நிறுத்தியாச்சு.

---

நொய்யல் (கோயம்புத்தூர்)

அருமை, நாலு ஓட்டையும் தனித்தனியாத் தெரியுது. ஒண்ணொண்ணா அடைப்போம்.

அந்த 8.8.8.8ஐ டிஎச்சிபி-யில் இருந்து இப்பவே எடுங்க. ரெண்டாவதா எழுதினா முதலாவது செத்தாத்தான் அதுகிட்ட போகும்னு பலரும் நம்பறாங்க. அப்படி எந்த உத்தரவாதமும் இல்லை. கருவி எந்த நேரத்திலும் எதையும் கேக்கலாம், ஒரு தடவை பதில் தாமதமானாலே மாறிக்கும். அதைவிட மோசமான ஒண்ணு இருக்கு. குரோம் பிரவுசர் தனக்குத் தெரிஞ்ச பொது டிஎன்எஸ் முகவரியைப் பட்டியலில் பாத்தா, அதே நிறுவனத்தோட மறையாக்கம் பண்ணின டிஎன்எஸ்ஸுக்குத் தானா மாறிக்கும். ரவுட்டரின் தனியார் முகவரி மட்டும் இருந்தா மாறாது. லேப்டாப்பில் ஃபயர்ஃபாக்ஸ் இருக்கறதாலதான் இது உங்களுக்குத் தெரியாமப் போச்சு.

டிவிக்கு மறிப்பு விதி. நீங்க எச்டிடிபிஎஸ்-டிஎன்எஸ்-பிராக்ஸி வெச்சிருக்கறதால தனியா ஃபயர்வால் எழுத வேண்டாம். அதுக்குள்ளயே "ஃபோர்ஸ் டிஎன்எஸ்"னு ஒரு தேர்வு இருக்கு, அது அணைஞ்சிருக்கணும். அதை 1 ஆக்கினா லேனில் இருந்து யார் 53க்குப் போனாலும் ரவுட்டர் பக்கம் திருப்பிவிடும், 853ஐ மறுத்துவிடும். ஆட்பிளாக்லயும் இதே மாதிரித் தேர்வு உண்டு. ரெண்டுலயும் போடாதீங்க. ஒரே வேலைக்கு ரெண்டு விதி இருந்தா, பின்னாடி ஒண்ணை அணைச்சாலும் இன்னொண்ணு புடிச்சுக்கிட்டு ஏன் இப்படி ஆகுதுன்னு தெரியாது.

போட்டதும் மூணாவது சோதனையை மறுக்கா பண்ணுங்க. இப்ப லேப்டாப்பில் 192.0.2.1இல் இருந்து பதில் வரணும். வந்தா விதி புடிக்குது.

853 விஷயத்துல ஒரு எச்சரிக்கை. ரெண்டாவது போன்ல செட்டிங்ஸ், நெட்வொர்க், பிரைவேட் டிஎன்எஸ்ல யாரோ ஒரு சர்வர் பேரை எழுதி வெச்சிருக்காங்க. பேர் எழுதின நிலையில 853ஐ மறிச்சா அது 53க்கு இறங்கி வராது. வைஃபை இருந்தும் இணையம் இல்லைன்னு நின்னுரும், வீட்டுல இருக்கறவங்க ரவுட்டரைத்தான் திட்டுவாங்க. முதல்ல போன்ல "ஆட்டோமேட்டிக்"குக்கு மாத்துங்க, அப்புறம் விதியைப் போடுங்க. ஆட்டோமேட்டிக்ல கெடுதல் இல்லை. டிஎச்சிபி தந்த சர்வர்கிட்டயே 853ல பேசுமான்னு கேட்டுப் பாக்கும், முடியலைன்னா 53க்கு வந்துரும்.

ஐபிவி6தான் மிச்சம். ரிலே மோடில் ஓஎன்டியோட ரவுட்டர் அறிவிப்பு அப்படியே போனுக்குப் போகுது. அந்த அறிவிப்புலயே டிஎன்எஸ் முகவரியைச் சொல்ற ஒரு பகுதி உண்டு. ஆண்ட்ராய்டு இதை நம்பித்தான் ஐபிவி6 டிஎன்எஸ்ஸை எடுத்துக்கும். ரவுட்டரின் டிஎச்சிபி-யில் நீங்க என்ன எழுதினாலும் அது இந்தப் பக்கம் செல்லாது. லேன் இடைமுகத்துல ஆர்ஏ (இந்த ரவுட்டர் அறிவிப்புதான்), டிஎச்சிபிவி6, என்டிபி-பிராக்ஸி (NDP, நேரம் வாங்கற என்டிபி இல்லை) மூணையும் "டிஸேபிள்" பண்ணிட்டு, வான்6 (இணையப் பக்க ஐபிவி6 இடைமுகம்) பக்கம் மாஸ்டர் டிக்கை எடுத்துட்டா முடிஞ்சுது.

---

ஆனைமலை_அடிவாரம் (பொள்ளாச்சி)

கடைசி பாராவுக்கு மட்டும் மறுப்புங்க. ஐபிவி6ஐ அணைக்கறது சுருக்கு வழி, ஆனா இங்க பல இணைப்புகள்ல ஐபிவி4 சிஜிநாட்டுக்குப் பின்னாடி இருக்கு. அதாவது ஒரே பொது முகவரியைப் பல வீடுகள் பகிர்ந்துக்கும், வெளியில இருந்து உள்ள வர வழியில்லை. தோட்டத்துக் கேமராவையும் மோட்டார் ஸ்விட்சையும் வெளியூர்ல இருந்து நேரடியாப் பாக்கறவங்களுக்கு ஐபிவி6 ஒண்ணுதான் வாசல். அதை அடைச்சுட்டு அப்புறம் தேடக்கூடாது.

சரியான வழி, ஓஎன்டியை பிரிட்ஜ் மோடுக்கு (ரவுட்டர் வேலை பாக்காம இணைப்பை மட்டும் கடத்தற முறை) மாத்தி, பிபிபிஓஇ (சேவையாளர்கிட்ட உள்நுழையற முறை) பேரையும் கடவுச்சொல்லையும் ஓபன்டபிள்யூஆர்டியில போடறது. வாடிக்கையாளர் சேவைக்குச் சொன்னா மாத்தித் தர்றவங்க இருக்காங்க. அப்படிக் கேக்கும்போது விலேன் எண்ணையும் (இணைப்புக்கு அவங்க வெச்சிருக்கற அடையாள எண்) கேட்டு எழுதி வெச்சுக்குங்க, பல இடங்கள்ல அது இல்லாம பிபிபிஓஇ பேசாது. பிரிட்ஜ் ஆனப்புறம் பிரிஃபிக்ஸ் நேரா உங்க ரவுட்டருக்கு வரும், லேனில் ஆர்ஏ "சர்வர்" மோடில் வெச்சா ரவுட்டர் தன் முகவரியையே டிஎன்எஸ்ஸா அறிவிக்கும். ஓஎன்டி, ரவுட்டர்னு ரெண்டு இடத்துல நாட் (முகவரி மாத்தறது) ஆகற நிலையும் ஒழியும்.

---

நொய்யல் (கோயம்புத்தூர்)

சரியான திருத்தம், ஏத்துக்கறேன். பிரிட்ஜ் கிடைச்சா அதுதான் நல்லது. கிடைக்கற வரைக்கும், வெளியில இருந்து உள்ள வர்ற தேவை எதுவும் இல்லாத வீடுகளுக்கு அணைச்சு வெக்கறது போதும். பவானிக்கரை, உங்களுக்குக் கேமரா இருக்குங்களா?

---

பவானிக்கரை (கோபிசெட்டிபாளையம்)

கேமரா இல்லீங்க. பிரிட்ஜுக்குக் கேட்டிருக்கேன், இப்போதைக்கு ஐபிவி6 அணைச்சாச்சு.

ஃபோர்ஸ் டிஎன்எஸ் போட்டாச்சு, 192.0.2.1இல் இருந்து பதில் வருது. ரெண்டு போன்லயும் செய்தித் தளங்கள் சுத்தம். டிவியோட முகப்புப் பக்கத்துல பெருசா வந்த விளம்பரப் படம் போயிருச்சு. ஆனா யூடியூப்ல விளம்பரம் அப்படியே வருது. அப்புறம் செய்தித் தளங்கள்ல விளம்பரம் இருந்த இடத்துல வெறும் வெள்ளைக் கட்டம் நிக்குது.

---

நொய்யல் (கோயம்புத்தூர்)

யூடியூப் விளம்பரம் டிஎன்எஸ்ல நிக்காதுங்க, எந்தப் பட்டியல் போட்டாலும். விளம்பர வீடியோவும் நீங்க பாக்கற வீடியோவும் ஒரே கூகுள்வீடியோ.காம் சர்வர்கள்ல இருந்து வருது. டிஎன்எஸ்ஸுக்குப் பேர் மட்டும்தான் தெரியும், அந்தப் பேருக்குள்ள எது விளம்பரம்னு தெரியாது. பேரைத் தடுத்தா வீடியோவும் போச்சு. யூடியூப் விளம்பரத்தை நிறுத்தும்னு சொல்லி வலையில சுத்தற பட்டியல்களைச் சேக்காதீங்க, வீடியோ பாதியில நிக்கறது, பார்த்த வரலாறு பதியாமப் போறதுன்னு வேற தொந்தரவுதான் வரும். கிரிக்கெட் ஓடற ஆப்கள்லயும் விளம்பரத்தை சர்வர்லயே ஒளிபரப்போட தெச்சு அனுப்பினா அதே கதைதான்.

வெள்ளைக் கட்டத்தை ரவுட்டரால அழிக்க முடியாது, அது பக்கத்தோட அமைப்பு. லேப்டாப் ஃபயர்ஃபாக்ஸ்ல யூபிளாக் ஆரிஜின் (விளம்பரத் தடுப்பு ஆட்-ஆன்) போட்டா கட்டமும் போயிரும், அங்க யூடியூப் விளம்பரத்தையும் அதுதான் பாத்துக்கும். ஆண்ட்ராய்டு ஃபயர்ஃபாக்ஸ்லயும் அது கிடைக்குது.

---

பின்னலாடை_ஐடி (திருப்பூர்)

இதே இழையில கேக்கறேன், தொடர்பு இருக்கறதால. வீட்டோட ஆபீஸ் இருக்கற இடம், பதினஞ்சு இருபது கருவி. 512 எம்பி ராம் ரவுட்டர்ல ஆட்கார்டு ஹோம், 53ல அதுவே நிக்குது, டிஎன்எஸ்மாஸ்க்கை 54க்குத் தள்ளியாச்சு. ரெண்டு பிரச்சினை. காலையில எல்லாரும் சிஸ்டத்தை ஆன் பண்ற நேரத்துல பக்கங்கள் பாதி திறந்து நிக்குது, படம் வராது, மறுபடி ரீஃப்ரெஷ் பண்ணா வருது. ரெண்டாவது, பையர் (சரக்கு வாங்கற கம்பெனி) அனுப்பற மெயில்ல இருக்கற லிங்க் திறக்க மாட்டேங்குது.

---

தறிச்சத்தம் (சோமனூர்)

முதலாவது ரேட் லிமிட். ஆட்கார்டு ஹோம்ல செட்டிங்ஸ், டிஎன்எஸ் செட்டிங்ஸ் பக்கத்துல பாருங்க, நொடிக்கு 20 கேள்விதான் இயல்பு நிலை. அது ஒரு கருவிக்கு 20 இல்லை. ஐபிவி4க்கு சப்நெட் நீளம் 24ன்னு இருக்கும், அதாவது 192.168.x.0ல இருக்கற மொத்த வீட்டுக்கும் சேத்து 20. ஒரு செய்தித் தளம் திறந்தாலே டஜன் கணக்குல பேர் கேக்கும். பல சிஸ்டம் ஒரே நேரத்துல எந்திரிச்சா மிச்சக் கேள்விகளுக்குப் பதில் சொல்லாம விட்டுரும். லாக்ல பிழைன்னு எதுவும் நிக்காது, அதனாலதான் புடிபடாது. 0 போட்டா கட்டுப்பாடே இல்லை. 53ஆம் போர்ட் வெளி உலகத்துக்குத் திறக்காத வீட்டு ரவுட்டர்ல 0 போடறதுல ஆபத்தில்லை. வான் பக்கம் 53 மூடியிருக்கான்னு மட்டும் ஃபயர்வால்ல ஒருக்கா உறுதிப்படுத்திக்குங்க.

இன்னொண்ணு: ஆட்கார்டு ஹோமோட மேல்நிலை சர்வர்ல எங்கயாவது ரவுட்டரின் சொந்த முகவரியை எழுதியிருந்தா அழிங்க. டிஎன்எஸ்மாஸ்க் ஆட்கார்டைக் கேக்க, ஆட்கார்டு டிஎன்எஸ்மாஸ்க்கைக் கேக்கன்னு ஒரே கேள்வி சுத்திக்கிட்டே இருக்கும், சிபியு நூறுல நிக்கும். உள்வீட்டுக் கருவிகளோட பேர் தெரியணும்னா "பிரைவேட் ரிவர்ஸ் டிஎன்எஸ்" பெட்டியில மட்டும் 192.168.x.1:54ன்னு குடுங்க, அது போதும்.

---

மஞ்சமண்டி (ஈரோடு)

மெயில் லிங்க்குக்கு: பெரிய கம்பெனிகள் மெயில் அனுப்பற சேவைகள், ஒவ்வொரு லிங்க்கையும் தன்னோட கண்காணிப்பு முகவரி வழியாத் திருப்பி விடும். நீங்க அமுக்கறது முதல்ல அந்த முகவரிக்குப் போகுது, அதைப் பட்டியல் தடுக்குது. கூகுள் தேடல்ல மேல வர்ற விளம்பர முடிவை அமுக்கினா திறக்காததும் இதே காரணம்தான், கூகுள்ஆட்சர்வீசஸ்.காம் தடையில இருக்கும்.

குவெரி லாக்ல அந்த சிஸ்டத்தோட ஐபியைப் போட்டு வடிகட்டி, லிங்க்கை அமுக்கின நொடியில எது சிவப்பா நிக்குதோ அந்தப் பேரை மட்டும் "அன்பிளாக்" பண்ணுங்க. மொத்தப் பட்டியலை அணைக்கற பழக்கம் வேண்டாம், திரும்ப ஆன் பண்ண யாருக்கும் ஞாபகம் இருக்காது. பேமெண்ட் பக்கம், கொரியர் லிங்க், வங்கி ஆப் எது நின்னாலும் இதே முறைதான். ஆபீஸ் இருக்கற இடத்துல ஹகேஸி ப்ரோவுக்கு மேல போகாதீங்க. அல்டிமேட் மாதிரியானது என்ன தடுக்குதுன்னு தெரிஞ்சு தினமும் லாக் பாக்கறவங்களுக்கானது.

தடை நீக்கின பிறகும் திறக்கலைன்னா பழைய பதில் கணினியிலயே தேங்கி நிக்குது. விண்டோஸ்ல "ஐபிகான்ஃபிக் /ஃபிளஷ்டிஎன்எஸ்", அப்புறம் பிரவுசரை முழுசா மூடித் திறங்க.

---

கொடுமுடியான் (கொடுமுடி)

ஓஎன்டி மட்டுமே இருக்குங்க, வேற ரவுட்டர் இல்லை. அதுல டிஎச்சிபி டிஎன்எஸ்ஸை மாத்தற இடத்தைப் பூட்டி வெச்சிருக்காங்க. புதுசா ரவுட்டர் வாங்காம வழி இருக்குங்களா?

---

நொய்யல் (கோயம்புத்தூர்)

ஓஎன்டியில டிஎன்எஸ் பூட்டியிருந்தாலும், டிஎச்சிபி-யை மொத்தமா அணைக்கற தேர்வு திறந்திருக்கான்னு பாருங்க. இருந்தா பழைய ராஸ்பெரி பை அல்லது எப்பவும் ஓடற ஒரு பழைய கணினியில பை-ஹோல் போட்டு, டிஎச்சிபி சர்வரையும் அதுலயே ஓட விடலாம். அந்தக் கணினிக்கு 192.168.1.2 மாதிரி நிலையான முகவரியை அதுலயே எழுதணும், டிஎச்சிபி-யில் வாங்கற மாதிரி வெச்சா தனக்குத்தானே காத்துக்கிட்டு நிக்கும். முதல்ல பை-ஹோல்ல டிஎச்சிபி-யை ஆன் பண்ணிட்டு, உடனே ஓஎன்டியில அணைங்க. ரெண்டும் ஒண்ணா ஓடினா ஒரு போன் இங்க வாங்கும், இன்னொண்ணு அங்க வாங்கும். உபுண்டு போட்ட கணினின்னா சிஸ்டம்டி-ரிசால்வ்டு (அதோட சொந்த டிஎன்எஸ் சேவை) ஏற்கெனவே 53ஐப் புடிச்சிருக்கும், அதோட ஸ்டப் லிஸனரை "நோ" ஆக்கின பிறகு பை-ஹோல் நிறுவுங்க.

இதுல ஐபிவி6 ஓட்டை அப்படியே இருக்கும், ஏன்னா ஆர்ஏ இன்னும் ஓஎன்டியில இருந்துதான் போகும். ஓஎன்டியில லேன் பக்கம் ஐபிவி6ஐ அணைக்க முடிஞ்சா அணைங்க. 8.8.8.8னு உள்ளயே எழுதி வெச்ச டிவியையும் இந்த அமைப்பால திருப்ப முடியாது, பாக்கெட் பை-ஹோல் வழியா போறதில்லை. போனுக்கும் லேப்டாப்புக்கும் போதும்னா இது செலவில்லாத வழி. டிவியும் வேணும்னா ஓபன்டபிள்யூஆர்டி போடற ரவுட்டர் ஒண்ணு வாங்கித்தான் ஆகணும். வாங்கற முன்னாடி பெட்டி மேல இருக்கற மாடல் பேரோட வெர்ஷன் எண்ணையும் ஓபன்டபிள்யூஆர்டி வன்பொருள் அட்டவணையில சரிபாருங்க. பேர் ஒண்ணா இருந்தும் வெர்ஷன் மாறினா உள்ள இருக்கற சிப்பே வேறயா இருக்கும், ஒண்ணுக்கு ஆன ஃபர்ம்வேர் இன்னொண்ணுக்கு ஆகாது. ராம் 128 எம்பிக்கும் ஃபிளாஷ் 16 எம்பிக்கும் கீழ வாங்காதீங்க. ஆட்கார்டு ஹோம்தான் வேணும்னா ராம் 256க்கு மேல, ஃபிளாஷ் 128 எம்பி இருக்கட்டும்.